கரையில் தொடர்புக்கு

ஜனவரி 11, சனி

ஐஸ் கம்பெனி டைரி இன்றுதான் கைக்கு வந்தது. அட்டையில் ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ. எதற்கு ரோஜா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. பத்து நாள் போனாலும் போகட்டும், எழுத ஆரம்பிக்கிறேன்.

காலை ஆறு மணிக்கு மீனவர் சங்கக் கட்டிட மாடியில் வயர்லெஸ் அறையைத் திறந்தேன். எட்டு வருடமாக இந்த அறை என் பொறுப்பு. கடலுக்குப் போன படகுகளைக் காலையும் மாலையும் கூப்பிட்டு, யார் எங்கே, எல்லோரும் சுகமா என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும். என் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் இருக்கும் படகை, நடுக்கடலில் இருக்கும் இன்னொரு படகு கேட்டுச் சொல்லும். ஒரு நாள் நான் வராவிட்டால் கடலில் ஒருத்தனும் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைதான்.

ஜன்னலைத் திறந்தால் எங்கள் படகு ஆரோக்கியத்தாய் தெரிகிறது. எஞ்சின் அச்சு வளைந்துபோய் ஒரு வாரமாகக் கரையேற்றிக் கிடக்கிறது. அவியதான் பக்கத்திலேயே நின்று மேஸ்திரியிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவிய என்று நான் எழுதுவது என் கணவர் வால்டரை. கடலில் இல்லாத நாளெல்லாம் கோபம்தான்.

பத்து மணிக்குக் கொழுந்தன் ஆல்பின் வந்தான். விண்மீன் அவன் படகு. தலையைச் சொறிந்துகொண்டு வந்தாலே ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

“மைனி, நம்ம விண்மீன்ல உள்ள டப்பாக்கு பாட்டரி செத்துப்போச்சி. புதுசு வர ரெண்டு வாரம் ஆவுமாம். திங்கக்கெழம செக்கிங். டப்பா இல்லாம கடலுக்குப் போவ டோக்கன் தரமாட்டாவ.”

“அதுக்கு?”

“ஒங்க படகு கரையிலதானே கெடக்கு. ஒங்க டப்பாவ ஒரு நடைக்குத் தாங்க.”

டப்பா என்றால் ஆபத்துக்கு அமுக்கும் மஞ்சள் டப்பா. பொத்தானை அமுக்கினால் செய்தி வானத்துக்குப் போய்ச் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்கு வரும். எந்தப் படகு, கடலில் எந்த இடம் என்று அவர்களுக்குத் தெரியும். உடனே படிவத்தில் ‘கரையில் தொடர்புக்கு’ என்று எழுதிக் கொடுத்த எண்ணுக்குப் போன் அடிப்பார்கள். ஆரோக்கியத்தாய்க்கு அந்த எண் என்னுடையது. ஒரு படகின் டப்பாவை இன்னொரு படகில் மாட்டக் கூடாது. மாட்டினால் இரண்டு படகின் அனுமதியும் போய்விடும். சங்கச் சுவரில் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பசை தடவி ஒட்டியது நான்தான்.

ஆனால் ஊரில் மாட்டாதவர்கள் யார்? அவியளிடம் கேட்டேன். “தம்பிதானேட்டி, எடுத்துக் குடு” என்றார்கள். நானே திருப்புளி கொண்டுபோய் நாலு திருகையும் கழற்றி, பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தேன். ஆல்பின் அதைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு, “மைனி இருக்கும்போ எனக்கென்ன” என்று சிரித்தான்.

மதியம் நண்டுக் குழம்பு. உப்பு கூடிவிட்டது.

ஜனவரி 13, திங்கள்

விண்மீன் காலை ஐந்தரைக்குப் போனது. ஆல்பினோடு சேர்த்து ஐந்து பேர். அதில் ஒருவன் பெனோ, ஆல்பின் மனைவி சுகந்தியின் தம்பி. தெற்கே பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத்திட்டுக்கு, போவதாக ஆல்பின் நோட்டில் எழுதச் சொன்னான். பாரில் என்றைக்கும் மீன் உண்டு. ஆனால் மேற்கே சூரை மீன் கிடக்கிறது என்று எவனாவது சொன்னால் ஆல்பின் பாதி வழியில் திருப்பிவிடுவான். அவன் சொல்லும் திசையை நான் எப்போதும் பென்சிலால்தான் எழுதுவேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோயில் முற்றத்தில் பொங்கினோம். அடிப்பிடித்துவிட்டது. ஃபாதர் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார்.

ஜனவரி 15, புதன்

நடுக்கடலில் நிற்கும் கில்பர்ட் படகு கேட்டுச் சொன்னது: விண்மீன் சுகம், இன்னும் மீன் இல்லை. எந்த இடம் என்று கேட்கச் சொன்னேன். பதில் இரைச்சலில் போய்விட்டது. வாடைக்காற்று பலமாக இருக்கிறது.

ஜனவரி 16, வியாழன்

காலை 7.40க்கு மீட்பு மையத்திலிருந்து போன். டப்பா தவறி அமுங்கியிருக்கிறது. பேசி முடித்தேன்.

சாளை வாங்கினேன். பாதியைக் குழம்பு வைத்து, பாதியைப் பொரித்தேன். அடுக்களைத் தொட்டியின் கீழே குழாய் ஒழுகி அரிசிச் சாக்கு நனைந்துவிட்டது. அரிசி முழுவதையும் மாடியில் பாய் விரித்துக் காயவைத்து, காக்கா விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாய்க்காரன் வருகிறேன் என்றான், வரவில்லை. அவனுக்குப் பதில் அவன் பெண்டாட்டியே போனில் பொய் சொன்னாள்: “அவிய இப்பதான் ஒங்க வீட்டுக்குப் பொறப்பட்டாவ.” பின்னால் அவன் இருமுவது எனக்குக் கேட்டது.

டப்பா போனைப் பற்றி அவியளிடம் சொன்னேன். “போன மாசமும் இப்பிடித்தானே அடிச்சிச்சி” என்றார்கள். ஆமாம், டிசம்பரில் எங்கள் ஆட்கள் மேல்தட்டைக் கழுவும்போது பொத்தான் அமுங்கி, மையம் முழுக்கப் பரபரப்பாகி, கடைசியில் ஒன்றுமில்லை. இதுவும் அப்படித்தான்.

மாலை விண்மீனைக் கூப்பிட்டேன். எட்டவில்லை. அந்தத் தூரத்துக்கு எட்டாது.

ஜனவரி 17, வெள்ளி

காலை கூப்பிட்டேன். பதிலில்லை. கில்பர்ட்டைக் கூப்பிடச் சொன்னேன். அவனுக்கும் பதிலில்லை. வடக்கே நின்ற இரண்டு படகுகளையும் கூப்பிடச் சொன்னேன். இல்லை.

அரிசி காய்ந்துவிட்டது. அளந்து டின்னில் போட்டேன்.

மூன்று மணிக்குக் கில்பர்ட் என்னை அவனாகவே கூப்பிட்டான். எப்போதும் அவன் பேச ஆரம்பிக்கும்போது ஒரு கிண்டல் இருக்கும். இன்று இல்லை.

“அக்கா, ஐஸ் அறைக்க மூடி ஒண்ணு கெடச்சிருக்கு. தெற்கே, பாருக்கு மேக்க. நீல பெயிண்டு.”

“பேரு இருக்கா?”

“விண்… அவ்வளவுதான் இருக்கு. மீதி ஒடஞ்சிபோச்சி. எழுத்து கோணலா இருக்கு அக்கா.”

ஆல்பின் கையெழுத்து. பெயிண்டருக்குக் கொடுக்க மாட்டேன் என்று அவனே எழுதினான்.

மையத்துக்குச் சொன்னேன்: விண்மீன், ஐந்து பேர், மூடி கிடைத்த இடம். முறைப்படி என்னவெல்லாம் சொல்ல வேண்டுமோ எல்லாம் சொன்னேன். ஃபாதர் மணி அடிக்கச் சொன்னார். மணி அடித்து முடிப்பதற்குள் சுகந்தி மாடிப்படி ஏறி வந்துவிட்டாள். ஈரக் கையோடு வந்தாள், துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அக்கா, நீங்க கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டா அவிய பேசுவாவ.”

கூப்பிட்டேன். விண்மீன், விண்மீன், விண்மீன், கரை பேசுகிறேன். அவள் முன்னால் எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று தெரியாது.

ஜனவரி 18, சனி

ஏழு படகு தேடப் போயிருக்கிறது. அச்சு இன்னும் மாட்டாததால் அவிய கில்பர்ட்டின் அண்ணன் படகில் ஏறினார்கள். ஏறுவதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “டப்பா காரியத்துல வாயத் தொறக்காத. தம்பி கெடச்சபெறவு நான் பாத்துக்கிடுதேன்” என்றார்கள். நான் சரி என்றேன். அவிய முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல முடியவில்லை.

எட்டரை மணிக்கு மையத்திலிருந்து திவாகர் என்று ஓர் அதிகாரி பேசினார். சிறு வயதுக் குரல். இனி தேடுதல் முடியும்வரை அவர்தான் எங்களோடு பேசுவாராம்.

“மேடம், மூடி கிடைச்ச இடம், காத்து, நீரோட்டம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு, எங்க கவிழ்ந்திருக்கும்னு பின்னாடி கணக்குப் போடறோம். அங்கேர்ந்து ஆட்கள் எங்க போயிருப்பாங்கன்னு முன்னாடி கணக்குப் போடறோம். ஆனா மூடி லேசு, காத்து தள்ளிட்டுப் போயிடும். தண்ணிக்குள்ள பாதி உடம்பு இருக்கிற ஆளை நீரோட்டம்தான் இழுக்கும். ரெண்டும் ஒரே பக்கம் போகாது. கவிழ்ந்த இடம் மட்டும் சரியா தெரிஞ்சா போதும், மேடம். தெற்கேதான் போனாங்களா?”

நோட்டைப் பார்த்தேன். பென்சிலால் ‘தெற்கு’ என்று இருந்தது. “தெக்கேன்னுதான் சொன்னாவ சார்” என்றேன்.

“கவிழ்ந்தா என்னத்தைப் பிடிச்சிப்பாங்க? அதுக்கேத்த மாதிரி கணக்கு மாறும்.”

அதை மட்டும் நன்றாகச் சொன்னேன். காலித் தண்ணீர்க் கேன்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். பிறகு ஒரே கயிற்றில் இடுப்போடு இடுப்பாக எல்லோரும் கட்டிக்கொள்வார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. உயிரோடோ இல்லாமலோ, எல்லோரும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும், தனித்தனியாக யாரும் போய்விடக் கூடாது. திவாகர் எழுதிக்கொண்டார். “இது ரொம்ப உதவும், மேடம்” என்றார்.

விமானம் தெற்கே போனது. நாங்கள் எல்லோரும் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

சுகந்தி நாள் முழுக்க என் அறையிலேயே இருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வயர்லெஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாயா போட்டுக் கொடுத்தேன். குடிக்க மாட்டேன் என்றவளைக் குடிக்கவைத்தேன். தலைமுடியைக் கட்டிவிட்டேன். “நீங்க இல்லேண்ணா எனக்கு ஆரு அக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை இழுத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. இழுக்கவில்லை.

சாயாத்தூள் தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு, மதியம்

பூசையில் முழங்காலிட்டேன். பீடத்துக்கு நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று பக்கத்தில் இருந்தவள் பார்த்தாள்.

பத்து மணிக்குத் திவாகர். தெற்கே நேற்று தேடிய இடத்தில் ஒன்றும் இல்லை. கட்டத்தை இன்னும் தெற்கே நகர்த்துகிறார்கள்.

“மேடம், விண்மீன்ல டப்பா இருந்துதா? எங்க கணக்குல அந்த நம்பர்லேர்ந்து ஒண்ணுமே வரலையே.”

“இருந்திச்சி சார். பாட்டரி போயிருக்கும்.”

இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இன்னும் தெற்கே நகர்த்துகிறார்கள்.

வியாழக்கிழமை பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ‘பேசி முடித்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். குழாய்க்காரனுக்கு ஒரு பத்தி, அந்தப் போனுக்கு ஒரு வரி. இங்கேயாவது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வியாழன் 7.40க்கு ஒரு பெண் பேசினாள். “ஆரோக்கியத்தாய் படகிலிருந்து ஆபத்து செய்தி வந்திருக்கு. படகு எங்க இருக்கு?” என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஆரோக்கியத்தாய் கரையில் கிடந்தது. அந்த நிமிடமே எனக்குத் தெரியும், அது ஆல்பின் கையில் இருக்கும் டப்பா என்று. கரையில் கிடக்கிறது என்று சொன்னால், பின்னே கடலில் அடிப்பது எது என்று கேட்பாள். இரண்டு படகும் போச்சு. அதனால் சொன்னேன்: “எங்க படகு கடல்லதான் இருக்கு. நான் கரை வயர்லெஸ்லதான் வேல பாக்குதேன். இப்பதான் அவியட்ட பேசினேன். எல்லாரும் சுகமா இருக்காவ. தட்டு கழுவும்போ தவறி அமுங்கிட்டு.”

பேசவில்லை. யாரோடும் பேசவில்லை. போனை வைத்த பிறகுதான் விண்மீனைக் கூப்பிட்டேன். எட்டவில்லை. எட்டாது என்று எனக்குத் தெரிந்ததுதானே, அதனால் பயப்படவில்லை. ஒன்பது மணிக்கு அதே பெண் மறுபடி பேசி, “சிக்னல் நின்னுடுச்சு, நன்றி” என்றாள். பாட்டரியைக் கழற்றச் சொன்னேன் என்று அதற்கும் ஒரு பொய். பிறகு சாளை வாங்கப் போனேன்.

நான் வயர்லெஸ்காரி. நான் பேசினேன் என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

அவன் அமுக்கியிருக்கிறான். ஐந்து பேரும் அமுக்கிவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். அந்தச் செய்தியில் இடம் இருந்தது. அது இப்போதும் மையத்தில் ஆரோக்கியத்தாய் பெயரில் கிடக்கிறது. அதை எடுக்கச் சொல்ல உலகத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை. நான் மூன்று நாளாகச் சாயா போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதே நாள், மாலை

சொல்லிவிட்டேன்.

நாலு மணிக்குச் சுகந்தி அதே நாற்காலியில் இருந்தாள். அவளைக் கீழே அனுப்பிவிட்டுப் பேசலாம் என்று முதலில் நினைத்தேன். கடைக்குப் போய்ச் சாயாத்தூள் வாங்கி வா என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அதையும் ஒரு பொய்யாகச் சொல்ல வேண்டாம் என்று விட்டேன். 4.10க்குத் திவாகருக்குப் போன் போட்டேன்.

“சார், வியாழக்கெழம காலைல ஆரோக்கியத்தாய்ன்னு ஒரு செய்தி வந்திருக்கும். அத எடுங்க. அது ஆரோக்கியத்தாய் இல்ல. விண்மீன். டப்பாவ நான் கழட்டிக் குடுத்தேன்.”

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது.

“இதுல, கரை வயர்லெஸ் படகோட பேசி உறுதி பண்ணிடுச்சுன்னு போட்டிருக்கு, மேடம்.”

“பேசல்ல சார்.”

“யாரோடயும்?”

“யாரோடயும் பேசல்ல. பொய் சொன்னேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “கரையிலேர்ந்து மேற்கே அறுபத்திரண்டு கடல் மைல்” என்றார். தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல, “மேற்கேயா” என்று இன்னொரு தடவை சொன்னார். பிறகு வேகமாகப் பேசினார். அங்கிருந்து நீரோட்டம் வடக்கே இழுக்கும், மூன்றரை நாள், கட்டத்தை மாற்றுகிறேன், கப்பலைத் திருப்புகிறேன், மேடம் லைனிலேயே இருங்கள்.

மூடியைக் காற்று தெற்கே கொண்டுபோயிருக்கிறது. ஆட்களை நீரோட்டம் வடக்கே கொண்டுபோயிருக்கிறது. நாங்கள் இரண்டு நாளாக மூடிக்குப் பின்னால் போயிருக்கிறோம்.

திரும்பிப் பார்த்தேன். சுகந்தி எழுந்து நின்றிருந்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் குரல் உயரவே இல்லை.

“மூணு நாளா எனக்குச் சாயா போட்டுத் தந்தியளே அக்கா.”

அவ்வளவுதான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கு வெளியே போட்டு, அங்கே உட்கார்ந்துகொண்டாள்.

ஜனவரி 20, திங்கள்

காலை 9.25. கப்பல் கண்டுபிடித்துவிட்டது. திவாகர் போட்ட கட்டத்தின் வடமேற்கு மூலையில். கேன்களும் கயிறும், நான் சொன்னது போலவே. கயிற்றில் ஐந்து பேர்.

நாலு பேருக்கு உயிர் இருக்கிறது.

பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் நோட்டில் எழுதினேன். நாலாவது பெயர் வரைக்கும் ஆல்பின் பெயர் வரவில்லை. பெனோ பெயர் மூன்றாவதாக வந்தது. படிக்கட்டில் போய்ச் சுகந்தியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யாரையாவது சொல்லச் சொல்லியிருக்கலாம். இதை நான்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் கேட்டுவிட்டு, “தம்பி இருக்கானா?” என்றாள். இருக்கிறான் என்றேன். தலையை ஆட்டினாள். பிறகுதான் கத்தினாள்.

ஜனவரி 21, செவ்வாய்

அடக்கம். அவிய என்னோடு பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. வாயைத் திறக்காதே என்று சொன்னது அவிய, ஆனால் போனில் பேசியது நான். அதை இரண்டு பேரும் பங்கு பிரித்துக்கொள்ள முடியாது.

ஜனவரி 23, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெனோ உதடெல்லாம் வெடித்து, கை கால் தோல் உரிந்து கிடந்தான். நர்ஸ் ஐந்து நிமிடம்தான் என்றாள். அவனுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தான். படு என்றேன். அவனாகவே பேச ஆரம்பித்தான்.

வியாழன் காலை ஏழு மணி தாண்டி ஒரு பலகை விட்டுப்போய் எஞ்சின் அறையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. கால் மணி நேரத்தில் படகு சாய்ந்துவிட்டது. சாய்வதற்கு முன்னாலேயே ஆல்பின் டப்பாவை அமுக்கிவிட்டான். கவிழ்ந்தபோது டப்பாவின் மேலிருந்த ஏரியல் கம்பி உடைந்து செய்தி நின்றுபோனது. விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

“அத்தான் அத நெஞ்சோட கெட்டி வெச்சிருந்தாவ மைனி. நாங்க அழும்போதெல்லாம் சொல்லுவாவ, ‘எதுக்குலே அழுதிய? இது மைனிக்க போன்லதான் அடிக்கும். மைனி எடுத்திருப்பாவ. மைனி எடுத்தா வுடமாட்டாவ’ன்னு. சனிக்கெழம தெக்க தூரத்துல பிளேன் சத்தம் கேட்டிச்சி. ‘பாத்தியளா, மைனி அனுப்பிட்டாவ’ன்னு சிரிச்சாவ. அது கிட்ட வரல்ல.”

“எப்பம்லே?” என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரிந்தது.

“ஞாயித்துக்கெழம. வெயில் உச்சிக்கு வந்தப்போ. தலை சாஞ்சிட்டு. கயித்த நாங்க அவுக்கல்ல மைனி. கூடவே வெச்சிருந்தோம்.”

ஞாயிறு உச்சி வெயிலில் நான் இந்த டைரியில் எழுதிக்கொண்டிருந்தேன். சொன்னது 4.10க்கு. சனிக்கிழமை எட்டரை மணிக்குத் திவாகர் முதலில் கேட்டபோதே சொல்லியிருந்தால் அன்று மாலையே போய்ச் சேர்ந்திருப்பார்கள். வியாழக்கிழமை சொல்லியிருந்தால் மத்தியானச் சோறு சாப்பிட ஐந்து பேரும் கப்பலில் இருந்திருப்பார்கள். இந்தக் கணக்குக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம்.

அவனிடம் சொல்லிவிட்டேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றபோது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

சங்கக் கூட்டம். நடந்ததை எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னேன். மையத்துக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆரோக்கியத்தாய் ஜூலை முடியும்வரை கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. வயர்லெஸ் அறையின் சாவியை மேசையில் வைத்தேன். யாரும் எடு என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஆறு பேர் தங்கள் படகுக்குப் போய், அதில் மாட்டியிருந்த அடுத்தவன் டப்பாவைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஆறு பேர். நான் எண்ணினேன்.

பிப்ரவரி 19, புதன்

ஐஸ் கம்பெனியில் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. ரோஜாப்பூ எதற்கு என்று கேட்டேன். முதலாளிக்குப் பிடிக்குமாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். சுகந்தி எனக்கு முன் வரிசையில் இருந்தாள். பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது எல்லோர் பக்கமும் திரும்பினாள். என் பக்கம் திரும்பவில்லை. அது அவள் இஷ்டம்.

ஜூன் 8, ஞாயிறு

அவிய இன்று டப்பாவைப் பற்றி முதல் தடவை பேசினார்கள். “நான் வாயத் தொறக்காதன்னு சொல்லியிருக்கப்படாது” என்றார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதார்கள். நான் குழம்பு ஊற்றினேன்.

ஜூலை 29, செவ்வாய்

வெள்ளிக்கிழமை ஆரோக்கியத்தாய் கடலுக்குப் போகிறது. புது டப்பா மாட்டியாகிவிட்டது. பெனோ இந்தப் படகில் ஏறுகிறான். வேண்டாம் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. டப்பாவுக்குப் புதிதாகப் படிவம் நிரப்ப வேண்டும். அவிய ‘கரையில் தொடர்புக்கு’ என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு, மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

பதினோரு மணிக்குச் சுகந்தி வந்தாள். ஆறு மாதத்தில் எங்கள் வீட்டு வாசலை இன்றுதான் மிதித்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“தம்பி போறான். மொதல்ல என் நம்பர எழுதுங்க.”

எழுதினேன். கீழே இரண்டாவது எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அதுல ஒங்க நம்பர எழுதுங்க.”

“எனக்கதா?”

“எனக்கு ஒங்க மேல உள்ளது ஆறாது அக்கா. சாவுற வரைக்கும் ஆறாது. அது வேற. ஆனா இனி அடிச்சா நீங்க எடுப்பிய. எடுத்துப் பொய் சொல்லமாட்டிய. இந்த ஊர்ல அப்பிடி ஒரு ஆளு எனக்குத் தெரிஞ்சி நீங்கதான்.”

எழுதினேன். பத்து எண்களையும் அவள் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள். சாயா போடட்டுமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

காலை 10.05. ஐஸ் கம்பெனியில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

“மேடம், திவாகர் பேசறேன். இது சோதனை அழைப்புதான், பயப்படாதீங்க. ஆரோக்கியத்தாய் இப்ப எங்க இருக்கு?”

கம்பெனி வாசலில் நின்றாலே படகின் கொடிக்கம்பம் தெரியும். அவிய காலையில் டீசல் ஏற்றப் போனதும் தெரியும். வாய் திறந்து சொல்வதற்கு முழுப் பதிலும் தயாராக இருந்தது.

“இருங்க சார், போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

“வைக்கட்டுமா?”

“வைக்காதீங்க.”

“சரி மேடம். முதல் நம்பர்காரங்களும் இதையேதான் சொன்னாங்க. அவங்களையும் இன்னொரு லைன்ல வெச்சிருக்கேன்.”

போனைக் காதில் வைத்தபடியே நடந்தேன். ஏலக்கூடம், வலை கிட்டங்கி, டீசல் பங்க் எல்லாம் தாண்டி ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். படகு துறையில் கட்டியிருந்தது. ஏறினேன். சுக்கான் அறையின் மேல் இருந்த டப்பாவைக் கையால் தொட்டு, அதில் ஒட்டியிருந்த எண்ணை ஒவ்வொன்றாகத் திவாகருக்குப் படித்தேன். பிறகு ஆட்களை எண்ணினேன். வால்டர், பெனோ, இன்னும் மூன்று பேர். ஐந்து பேரின் பெயரையும் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“கரையில இருக்கு சார். துறையில. கையால தொட்டுட்டு நிக்கேன்.”

“நன்றி மேடம்” என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். படகின் அந்தப் பக்கம், துறைப் படியில் சுகந்தி மூச்சு வாங்க நின்றிருந்தாள். வலது கையில் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அவளுடைய இடது கையும் படகின் மேல் இருந்தது.